கயிறு பிடிக்கக் கைகள் வேண்டும்

வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே போனால், சாலை முடிகிற இடம் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேர்கிற ஊர். அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கடல்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அடி பருத்து, தலை ஒடுங்கி, தலையில் கயிறு கோக்க ஒரு துளை. தூக்கிப் பார்த்தேன், இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"எங்க தாத்தா முத்துக் குளிக்கப் போகும்போது காலில் கொடுத்து இறங்குன கல்லு தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா. "இதை வச்சு என்ன செய்யன்னு தெரியலை. தூக்கிப் போடவும் மனசு வரலை. அதான் கதவுக்கு வச்சிருக்கோம்."

என்ன செய்வதென்று தெரியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. தன் பழமையோடு இந்தக் கடற்கரைக்கு இருக்கும் உறவை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. புன்னைக்காயலுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். அதை யார் கட்டுவது, கட்டியபின் யார் காப்பது என்ற கேள்விக்குத்தான் நாம் எல்லோரும் உட்கார்ந்து விடை காண வேண்டும்.

அந்தக் கல்லின் வேலை எளிது. தோணியிலிருந்து தொங்கும் கயிற்றின் முனையில் கல். குளிகாரர் அதில் காலூன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லின் கனத்தோடு நேரே பாரில் இறங்குவார். கடலடியில் சிப்பி விளையும் திடலுக்குப் பார் என்று பெயர். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில நொடி. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்தெடுக்க வேண்டும். கண நேரம் அசந்தால் ஓர் உயிர். அதனால் மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வார்கள் என்று இந்தக் கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் மச்சான் கை தளராது என்ற நம்பிக்கை.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961இல். அன்றைக்கு இருபது வயதில் இறங்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். பாருக்குத் திசை பார்த்த விதம், சிப்பியைக் குவித்து அழுகவிட்டு முத்தெடுத்த விதம், சுறா வராமல் மந்திரம் சொன்ன கடல்கட்டியின் பேச்சு எல்லாம் அந்தத் தலைமுறையின் நினைவில்தான் இருக்கின்றன. கல் நூறாண்டு தாங்கும். நினைவு அத்தனை நாள் காத்திருக்காது.

ஆறு நகர்த்திய துறைமுகங்கள்

புன்னைக்காயலின் வரலாற்றை எழுதியது தாமிரபரணி. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்கிக்கொண்டே போக, துறைமுகமும் அதன் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தது. முதலில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறை. கி.பி. முதல் நூற்றாண்டில் கடல்வழிக் குறிப்பு எழுதிய கிரேக்க மாலுமி, கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கியதாகக் குறித்துவைத்திருக்கிறார். 1968–69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கு நம்மை இட்டுச் சென்றது. இன்று கொற்கையில் நின்றால் அலையோசை கேட்பதில்லை. சுற்றிலும் வாழையும் வயலும்.

அடுத்தது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த காயல் அதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே நின்றன. அதுவும் மண்மேடானபின் முகத்துவாரத்தை ஒட்டி எழுந்தது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் தலைமையிடமாகப் போர்ச்சுக்கீசியர் இதைத்தான் வைத்திருந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் தம் தோழருக்கு எழுதிய கடிதங்களில் சிலவற்றை இங்கிருந்தே எழுதினார். பிறகு ஆழமான கடல் தேடித் துறைமுகம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. பெரிய கப்பல்கள் போயின, மக்கள் போகவில்லை.

ஒரே ஆற்றின் கரையில், சில கிலோமீட்டர் தூரத்துக்குள், இரண்டாயிரம் ஆண்டுத் துறைமுக வரலாறு வரிசையாகக் கிடப்பது அரிது. அந்த வரிசையில் கடைசியாக, இன்னும் படகு கட்டி நிற்கிற ஊர் புன்னைக்காயல்.

அச்சேறிய தமிழ்

தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஊரோடு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி 1547இல் இந்தக் கடற்கரைக்கு வந்தார். மக்கள் வாயில் அவர் அண்டிரிக் அடிகளார் ஆனார். இங்கே தமிழ் கற்று, அந்தத் தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் இருக்கிறது. 2013இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் இருவரின் உழைப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

1578 அக்டோபரில் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகிக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. பிறகு 1586இல் 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கங்களுக்கு மேல். அது புன்னைக்காயலில் அச்சானது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. தமிழ் அச்சுக்குப் பேர்போன சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வருவதற்கு நூற்றிருபது ஆண்டுகள் முன்பு.

இந்த அச்சுப் பணிக்குக் கடற்கரை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கடலில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள், தங்கள் மொழி ஈயத்தில் வார்க்கப்பட வேண்டும் என்று மடியை அவிழ்த்தார்கள். அண்டிரிக் அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதைப் படியெடுத்து 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியில் பதிப்பித்திராவிட்டால் நமக்கு அந்த உரைநடையே தெரிந்திருக்காது. அச்சிடப் பணம் கொடுத்த ஊரில் ஒரு பக்கத்தின் படத்தைக்கூடப் பிள்ளைகள் சுவரில் பார்க்க வழியில்லை என்றால், அந்தக் குறை ஊரைச் சேர்ந்ததல்ல. தமிழ் அச்சால் வாழ்கிற நம் எல்லோரையும் சேர்ந்தது.

எதிர்க்கேள்விகள் நியாயமானவை

ஊரில் பேச்செடுத்தால் முதலில் வருகிற மறுப்பு இது: முகத்துவாரம் மண்மூடிப் படகு தட்டுகிறது, வெள்ளம் வந்தால் ஊர் தீவாகிறது, இந்த நேரத்தில் பழம்பொருளுக்கு ஒரு கட்டடமா? இந்தக் கேள்வியைத் தட்டிவிட யாருக்கும் உரிமை இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை மீறிப் போனதையும் கண்டவர்கள் கேட்கும் கேள்வி அது.

ஆனால் முகத்துவாரத்தின் கதைதானே இந்த ஊரின் வரலாறு? கொற்கையை எது மூடியதோ அதுவே இன்றும் படகைத் தட்டுகிறது. ஆறு எந்த நூற்றாண்டில் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, பெரியவர்கள் எந்த மேட்டுக்கு ஏறிப் பிழைத்தார்கள் என்பதை எழுதிவைக்கும் இடம்தான் நான் கேட்கும் அருங்காட்சியகம். வெள்ளத் தடுப்பும் முகத்துவாரத் தூர்வாரலும் முதலில் நடக்கட்டும். அந்தக் கோரிக்கைக்கு ஆயிரமாண்டுச் சான்றை அடுக்கித் தருகிற வீடாக இது இருக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி மெல்லிய குரலில் வரும்: இது யாருடைய வரலாறு? ஒரு சமயத்தின், ஒரு சமுதாயத்தின் பெருமைக் கூடமாகிவிடாதா? அப்படி ஆகக்கூடாது, ஆக்கவும் முடியாது. பாரில் இறங்கியவர்களில் பரதவரும் இருந்தார்கள், கீழக்கரை முஸ்லிம் குளிகாரரும் இருந்தார்கள். முத்தை வாங்கி விற்றதில் காயல்பட்டின வணிகருக்குப் பெரும் பங்கு. கொற்கையும், இதே ஆற்றங்கரைத் தொல்லியல் மேடான ஆதிச்சநல்லூரும் இன்றைய எந்தச் சமய எல்லைக்கும் முந்தியவை. முத்துக்கு வரி வாங்கியவர்கள் பாண்டியர், போர்ச்சுக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். யார் ஆண்டாலும் குளிகாரர் வீட்டில் கூரை ஓலைதான். பாதுகாப்புக் கேட்டுப் பரதவர் போர்ச்சுக்கீசியரிடம் போன கதையையும், அந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்த விலையையும், ஒரு கரையில் வாழ்ந்த இரு கூட்டத்தார் மோதிக்கொண்ட நாட்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தரப்பின் வெற்றியை இன்னொரு தரப்பின் சிறுமையாக எழுதக்கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் கூடி விதியாக்கிக்கொண்டால் இந்தப் பயம் தீரும்.

மூன்றாவது கேள்வி: தூத்துக்குடி நகரம் இருக்கிறது, திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தச் சிற்றூரில் எதற்கு? ஆதிச்சநல்லூர் நமக்கு இதற்கான பாடத்தைச் சொல்லியாகிவிட்டது. 1876இல் ஜெர்மானியரான யாகர் தோண்டியெடுத்தவை பெர்லின் போயின. அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூருக்குப் போயின. தோண்டிய ஊர் நூறாண்டுக்கு மேல் வெறும் மேடாகக் கிடந்தது. குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, மண்ணை மண்ணிருந்த இடத்திலேயே காட்டலாம் என்ற முடிவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம். 2023 ஆகஸ்டில் அங்கே அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பொருநையில் பெருங்கதை சொல்லட்டும். முகத்துவாரக் காற்று படுகிற இடத்தில் அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் இருக்கட்டும்.

சிலையோடு நிற்க வேண்டாம்

நம் ஊர்களில் நினைவு என்றால் சிலை, அல்லது மணிமண்டபம். திறப்பு விழா, பிறந்த நாள் மாலை. மற்ற நாட்களில் பூட்டு. சிலைக்கும் மண்டபத்துக்கும் நான் எதிரி அல்ல. ஆனால் அந்தக் கதவருகே கிடக்கும் கல்லுக்குச் சிலையில் இடமில்லை. அரசு தனியாகக் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் சிலையாகவே முடிகிறது. ஊர் தனியாகக் கட்ட நினைத்தால் பாதிச் சுவரில் நிற்கிறது. இரண்டு கையும் சேர வேண்டும்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாவட்டத்தில் சான்று உண்டு. எட்டயபுரத்தில் பாரதிக்கு ஒரு நினைவகம் வேண்டும் என்று கல்கி எழுதினார். படித்தவர்கள் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். 1945இல் அடிக்கல், 1947இல் இராஜாஜி திறந்துவைத்தார். தமிழ்நாட்டு வாசகர்கள் காசு சேர்த்துக் கட்டிய மண்டபம் அது. பஞ்சாபில் அமிர்தசரஸ் நகரமண்டபத்தில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகமும் இப்படித்தான் நிறைந்தது: ஓடிவந்தபோது கையில் எடுத்துவந்த பெட்டி, சட்டை, பாத்திரம் என்று குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

முத்துக்குளித்த இன்னொரு நாடு பஹ்ரைன். எண்ணெய் வந்தபின் முத்தை மறந்துவிட்டிருக்கலாம். மறக்கவில்லை. முகரக் நகரில் குளிகாரர், தோணிக்காரர், வணிகர் வாழ்ந்த வீடுகள் உட்பட 17 கட்டடங்களையும், கடலுக்குள் மூன்று சிப்பித் திடல்களையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தார்கள். கரையும் கடலும் சேர்ந்தே ஒரு காட்சியகம். நம் மன்னார் வளைகுடாவுக்கு வயது குறைவா, புகழ் குறைவா? நாம் ஒரு சல்லடையைக்கூட எடுத்துவைக்கவில்லை.

சல்லடை என்று சும்மா சொல்லவில்லை. முத்தை அளவு பிரிக்கத் துளை எண்ணிக்கை வேறுபட்ட பித்தளைச் சல்லடைகள் வரிசையாக இருந்தன. அதற்குப்பின் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குறையே இல்லாததற்கு ஆணி என்று பெயர். ஒளி மங்க மங்கப் பெயர் மாறி, கடைசியில் தூள். நல்ல பிள்ளையையும் நல்ல வார்த்தையையும் ஆணிமுத்து என்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கரையின் வணிகத்தில் புழங்கியது. அந்தச் சல்லடையை ஒரு குழந்தை கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தால், தன் மொழி எங்கே விளைந்தது என்பது அதற்கு விளங்கும்.

யார் யார் பங்கு என்ன?

கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் ஆண்டு பட்டியல் மட்டும். ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிற கல், கயிறு, சங்கு, பழைய புகைப்படம், கப்பல் சீட்டு, ஞானஸ்நானக் குறிப்பு எல்லாவற்றையும் படமெடுத்து, யாருடையது என்று எழுதிவைப்பது. பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். கைபேசியும் பொறுமையும் போதும். ஊர் இளைஞர்களும், தூத்துக்குடியின் வ.உ.சி. கல்லூரி, புனித மரியன்னை கல்லூரி மாணவர்களும் ஒரு விடுமுறையில் தொடங்கிவிடலாம்.

இரண்டாம் ஆண்டு ஓர் அறை. பள்ளியிலோ ஊராட்சியிலோ கோயில் வளாகத்திலோ, எல்லோரும் தயங்காமல் நுழையக்கூடிய ஓர் அறை. வத்திக்கானிலும் ஹார்வர்டிலும் லிஸ்பனிலும் இருப்பவற்றின் தெளிவான படிகளைக் கேட்டு வாங்குவது அரசும் பல்கலைக்கழகமும் திருச்சபையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சிப்பி ஏன் அற்றுப்போனது, பார்களின் இன்றைய நிலை என்ன என்பதைச் சொல்ல, 1973இலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் இருக்கிறது. மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அவர்கள் ஒரு சுவரை ஏற்றுக்கொள்ளலாம்.

அந்த அறை இரண்டு ஆண்டு பூட்டாமல் நடந்தால், அதற்குப்பின் கட்டடம். வெள்ளம் எட்டாத உயரத்தில், தூண்கள் மேல். நிலத்தை ஊராட்சி ஒதுக்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மறு பங்கு போடுகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு மானியம் தருகிறது. பிடித்த மீனில் ஊர்ப் பொதுவுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பது கடற்கரைக்குப் பழகிய வழக்கம்தான். துறைமுகத்தால் வளர்ந்த நிறுவனங்களும், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கிற ஊர்ப்பிள்ளைகளும் தங்கள் பங்கை உணர வேண்டும். நிர்வாகக் குழுவில் மீனவர், ஆசிரியர், பெண்கள், பங்குக் கோயில், காயல்பட்டினத்தார், கொற்கையார், தொல்லியல் துறை எல்லோருக்கும் நாற்காலி இருக்க வேண்டும். எவருக்கும் அது தனிச்சொத்து ஆகக்கூடாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில் இந்தத் தீர்மானம் வாசிக்கப்பட்டாலே பாதி வேலை முடிந்தது.

அந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது கல்லை மறுபடி கதவோரம் வைத்தேன். அதன் துளையில் கயிறு இல்லை. எப்போதோ இற்றுப் போயிருக்கும். கல் மட்டும் இருந்தால் ஆள் கீழே போய்விடலாம். மேலே வரக் கயிறு வேண்டும், அதைப் பிடிக்க அசராத ஒரு கை வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கடைசிக் குளிகாரர்கள் தங்கள் நினைவின் ஆழத்திலிருந்து கயிற்றை அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசே, ஊரே, படித்தவர்களே, மச்சான் முறையில் நிற்பது நாம்தான்.